பல நாடுகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டுப் போட்டிகள்: பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய போட்டிகளை நாடுகள் பங்குபோட்டு நடத்துவது வழக்கமாகி வருகிறது. 2002 கால்பந்து உலகக் கோப்பையைத் தென்கொரியாவும் ஜப்பானும் ஆளுக்குப் பத்து மைதானங்களில் நடத்தின. 2026 போட்டிக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளில் 16 நகரங்கள். 2030 போட்டி ஆறு நாடுகளில், மூன்று கண்டங்களில். மைதானமும் செலவும் பங்காகின்றன, சரி. பாதுகாப்பையும் அப்படிப் பங்கிட முடியுமா? வாசகர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

சேர்ந்து நடத்தினால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா?

ஆள்பலம் கூடும், பொறுப்பு சிதறும். இரண்டு நாடுகளின் காவலர்களைக் கூட்டினால் இருமடங்கு காவல் கிடைத்துவிடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. ஒரு நாட்டின் காவலர் எல்லையைத் தாண்டிய நிமிடமே ஏறத்தாழ ஒரு சுற்றுலாப் பயணிதான். அவரால் கைது செய்ய முடியாது, சோதனை போட முடியாது. பல நாடுகளில் அவருடைய துப்பாக்கியே சட்டவிரோதம். துணி பிரிவது பெரும்பாலும் தையலில்தான். கூட்டுப் போட்டியிலும் கவனிக்க வேண்டியது இரண்டு நாடுகளும் சேரும் இடத்தைத்தான். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தத் தையலைப் பற்றியவை.

மொத்தப் பாதுகாப்புக்கும் ஒரே தலைவர் இருப்பாரா?

இருக்கமாட்டார். எந்த நாடும் தன் காவல்துறையை வேறு நாட்டு அதிகாரியின் கட்டளைக்கு விட்டுக்கொடுக்காது. ஃபிஃபா (கால்பந்து), ஐசிசி (கிரிக்கெட்) போன்ற அமைப்புகள் நிபந்தனை போடும், ஆலோசகர்களை அனுப்பும், மைதானத்துக்குள் ஊழியர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லும். மைதான வாசலுக்கு வெளியே அந்தந்த அரசின் சட்டம்தான்.

தலைவருக்குப் பதிலாக இருப்பது ஒருங்கிணைப்பு. 2021இல் நடந்த யூரோ 2020 போட்டி (ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துக் கோப்பை) 11 நாடுகளின் 11 நகரங்களில் நடந்தபோது, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோலின் தலைமையகத்தில் பல நாட்டுக் காவல் அதிகாரிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து தகவல் பரிமாறிக்கொண்டார்கள். அவர்கள் யாருக்கும் கட்டளையிடவில்லை. ஒரு நகரத்தில் கண்டதை அடுத்த நகரத்துக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பெரிய காரியம்.

ஆனால் ஒன்றை மட்டும் போட்டிக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும்: ஆட்டத்தை நிறுத்தவோ ஒத்திவைக்கவோ யாருக்கு அதிகாரம்? நடுவருக்கா, நகரக் காவல் தலைவருக்கா, உள்துறைக்கா, போட்டி அமைப்புக்கா? விபரீதம் நடந்த பிறகு இதை விவாதிக்க ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கையை விரிப்பார்கள்.

எல்லையைத் திறந்துவிடுவதா, இறுக்குவதா?

இரண்டும் நடந்திருக்கின்றன. எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கு இடையே சாதாரண நாட்களில் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. ஆனாலும் யூரோ 2008இன்போது ஆஸ்திரியாவும், யூரோ 2012இன்போது போலந்தும் தற்காலிகமாகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தன. 2012இல் இன்னொரு சிக்கல்: போலந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், உக்ரைன் வெளியே. ஒன்றியத்தின் வெளி எல்லையே இரண்டு நடத்துநர்களுக்கும் நடுவில் ஓடியது. காலிறுதியை ஒரு நாட்டிலும் அரையிறுதியை மறு நாட்டிலும் பார்க்கப் போன ரசிகர் பாஸ்போர்ட் வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2007 கிரிக்கெட் உலகக் கோப்பைதான். எட்டுக் கரீபிய நாடுகள் ஆட்டங்களை நடத்தின. ஒவ்வொன்றுக்கும் தனிக் குடிநுழைவுத் துறை, தனிச் சட்டம், நடுவில் கடல். அவர்கள் செய்தது துணிச்சலான வேலை. 2007 பிப்ரவரி 1 முதல் மே 15 வரை, அந்த எட்டோடு மேலும் இரண்டு சேர்த்து, கரிகாம் என்ற கரீபிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த பத்து நாடுகள் ஒரே உள்நாட்டு வெளியாக அறிவிக்கப்பட்டன. முதலில் இறங்கும் நாட்டில் முழுச் சோதனை, அதன்பிறகு மற்ற ஒன்பது நாடுகளுக்கும் உள்ளூர்ப் பயணி போலப் போகலாம். இதற்கென்றே காலாவதித் தேதியோடு சட்டங்கள் நிறைவேற்றினார்கள். விமானங்களும் கப்பல்களும் பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று விதித்தார்கள். அந்தப் பெயர்களைக் கண்காணிப்புப் பட்டியல்களோடு ஒத்துப்பார்க்க ஒரு பொது மையமும் அமைத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பொது விசாவுக்கு 100 அமெரிக்க டாலர் வாங்கியதில் ஆஸ்திரேலிய ரசிகர்கள் கொதித்தார்கள். மைதானத்துக்குள் இசைக்கருவி, வெளி உணவு ஆகியவற்றுக்குப் போட்ட கட்டுப்பாடுகளால் கரீபிய கிரிக்கெட்டின் உயிரே போய்விட்டது என்று உள்ளூர் மக்கள் நொந்துகொண்டார்கள். அந்த மனக்குறை நியாயமானது. மேளத்தைத் தடுக்கும் கெடுபிடியால் வெடிகுண்டு தடுக்கப்படுவதில்லை. ஆனால் எல்லை ஏற்பாட்டைப் பொறுத்தவரை, சிறிய நாடுகள் செய்துகாட்டிய அந்த வேலையைப் பெரிய நாடுகள் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

ஒரு நாட்டில் கலாட்டா செய்தவரை அடுத்த நாடு எப்படி அடையாளம் காணும்?

கேமராவைவிட மனிதக் கண்ணே இன்றும் பயன்படுகிறது. ஐரோப்பியக் கால்பந்தில், ரசிகர்களோடு அவர்கள் ஊர்க் காவலர்கள் சிலரும் பயணம் செய்வார்கள். இவர்களுக்குக் கைது அதிகாரம் இல்லை, முகம் தெரியும். ரயில் நிலையத்தில் நாற்பது பேர் இறங்கும்போது, 'பாடிக்கொண்டு வருகிறவர்களை விடுங்கள். பின்னால் பேசாமல் நடக்கும் நான்கு பேரைப் பாருங்கள்' என்று உள்ளூர் அதிகாரியின் காதில் சொல்ல அவர்களால்தான் முடியும்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹேய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் 39 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஐரோப்பியப் பேரவை பார்வையாளர் வன்முறை பற்றிய உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு தேசியக் கால்பந்துத் தகவல் மையம் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. யாரிடம் கேட்பது என்று தேடவேண்டியதில்லை, நாட்டுக்கு ஒரு தொலைபேசி எண்.

ஒரே ரசிகர்கள், இரண்டு நாட்டுக் காவல்துறை: வேறுபாடு தெரிந்திருக்கிறதா?

தெரிந்திருக்கிறது. யூரோ 2000 போட்டியை நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்தின. ஜூன் 12 அன்று இங்கிலாந்து நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் போர்ச்சுகலிடம் தோற்றது. தோற்றும் ஊர் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. ஐந்து நாள் கழித்து பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரில் ஜெர்மனியை வென்றது. அன்று நகரச் சதுக்கத்தில் நாற்காலிகள் பறந்தன, காவல்துறை தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. அந்தச் சில நாட்களில் பெல்ஜியத்தில் 900க்கும் மேற்பட்ட இங்கிலாந்து ரசிகர்கள் பிடிபட்டார்கள், பலர் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழக்கில் தண்டனை வரை போனவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்து அணியையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு எச்சரித்தது.

நெதர்லாந்தின் டச்சுக் காவலர்கள் சாதாரணச் சீருடையில் கூட்டத்தோடு பேசிக்கொண்டே நடப்பவர்கள். பெல்ஜியத்தில் தலைக்கவசமும் கேடயமும் முன்னால் நின்றன. எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. எதிரணி ஜெர்மனி, ஊர் சிறியது, சதுக்கம் குறுகியது. ஆனாலும் எல்லையின் இருபுறமும் ஒரே ரசிகருக்கு இருவேறு வரவேற்பு கிடைத்தால், எது அனுமதி, எது குற்றம் என்பது அவருக்கே குழம்பிவிடும். கூட்டுப் போட்டிக்கு முன் இரு காவல்துறைகளும் உட்கார்ந்து பேச வேண்டியவற்றில் இது முதல் வரிசை.

அந்த அவமானத்துக்குப் பின் பிரிட்டன் அதே ஆண்டில் சட்டத்தை இறுக்கியது. 2002 உலகக் கோப்பையின்போது, ஆட்டங்களுக்குப் போகத் தடை பெற்ற ரசிகர்கள் 1,000க்கும் மேற்பட்டோர் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கலவரத்துக்குத் தயாராகிக் காத்திருந்த ஜப்பானில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தடுப்பு வேலை புறப்படும் ஊரிலேயே முடிந்துவிட்டது.

ஓர் அணி 'அந்த நாட்டுக்கு வரமாட்டோம்' என்றால் என்ன ஆகும்?

கூட்டுப் போட்டியின் மிகப் பழைய தலைவலி இதுதான். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் நடத்தின. போட்டி தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. பயம் போக்குவதற்காக, பிப்ரவரி 13 அன்று இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்பில் இலங்கையோடு ஆடினார்கள். டெண்டுல்கரும் வாசிம் அக்ரமும் ஒரே சட்டையில்! மறுத்த இரு அணிகளும் மனம் மாறவில்லை. ஆடாமலே புள்ளிகள் இலங்கைக்குப் போயின. ஜிம்பாப்வேயும் கென்யாவும் வந்து ஆடிவிட்டுப் போயின. கடைசியில் மார்ச் 17 அன்று லாகூரில் அதே ஆஸ்திரேலியாவை வென்று இலங்கை கோப்பையைத் தூக்கியது.

2003இல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, கென்யா நடத்திய உலகக் கோப்பையில் இது திரும்ப வந்தது. மிரட்டல் கடிதத்துக்குப் பிறகு இங்கிலாந்து ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஆட வேண்டிய ஆட்டத்தைக் கைவிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி நியூசிலாந்து கென்யாவின் நைரோபிக்குப் போகவில்லை. புள்ளிகளை இழந்த இங்கிலாந்து அடுத்த சுற்றுக்கு வரவில்லை. ஆடாமலே புள்ளிகள் கிடைத்த கென்யா அரையிறுதி வரை போனது.

இந்த இரண்டு கதைகளிலும் ஆடாத ஆட்டம் போட்டியின் போக்கையே மாற்றியது. 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குள் அரசியலும் ஒளிந்துகொள்ளும். ஜிம்பாப்வே விஷயத்தில் முகாபே அரசின் மீதான எதிர்ப்பும் கலந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். எனவே ஆபத்து உண்மையா என்று மதிப்பிடும் வேலை, ஆட இருக்கும் அணியிடமோ அழைக்கும் நாட்டிடமோ இருக்கக் கூடாது. மூன்றாம் தரப்பு வல்லுநர்களின் அறிக்கை வேண்டும். அதன்மேல் முடிவெடுக்கக் கடைசித் தேதி வேண்டும்.

நடுநிலை மைதானம் இதற்குத் தீர்வா?

தற்காலிகத் தீர்வு. 2027 வரையிலான ஐசிசி போட்டிகளில் இந்தியாவோ பாகிஸ்தானோ நடத்தும்போது மற்ற அணி நடுநிலை மைதானத்தில் ஆடும் என்று 2024 டிசம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்படி 2025 சாம்பியன்ஸ் டிராபியைப் பாகிஸ்தான் நடத்தினாலும் இந்தியா எல்லா ஆட்டங்களையும் துபாயில் ஆடியது. அரையிறுதியில் இந்தியாவின் எதிரணி யார் என்று கடைசி லீக் ஆட்டம் வரை தெரியாததால், ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் இரண்டுமே துபாய்க்குப் பறந்தன. தென்னாப்பிரிக்கா ஒரு நாள்கூடத் தங்காமல் லாகூருக்குத் திரும்பியது. இந்தியா தகுதி பெற்றதால் இறுதியாட்டமும் துபாயில்.

பாதுகாப்புக் கண்ணோடு பார்த்தால், ஒரு போட்டிக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்து ஒன்றைக் கடைசி நேரத்தில் கைவிடுவது இது. காவலர்களை நிறுத்துவதும் ஹோட்டல்களைச் சோதிப்பதும் பயணப் பாதைகளை ஆராய்வதும் இரு ஊர்களிலும் நடக்க வேண்டும். ஆடாமல் போவதைவிட மேல். அதற்கு மேல் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மைதானத்துக்குள் ஆபத்து அதிகமா, வெளியிலா?

வெளியில், குறிப்பாகச் சாலையில். மைதானத்துக்கு மதில் உண்டு, வாசல் உண்டு, பை சோதனை உண்டு. பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடிதான்.

2009 மார்ச் 3 காலை, லாகூர் டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு இலங்கை அணியின் பஸ் கடாபி மைதானத்தை நெருங்கியபோது துப்பாக்கிதாரிகள் சுற்றிவளைத்தார்கள். வீரர்கள் இருக்கைகளுக்கு நடுவே தரையில் படுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் மெஹர் முகமது கலீல் பஸ்ஸை நிறுத்தாமல் மைதானத்துக்குள் செலுத்திவிட்டார். ஆறு காவலர்களும் பொதுமக்களில் இருவரும் இறந்தார்கள். சமரவீர உட்படச் சில வீரர்கள் காயமடைந்தார்கள். வீரர்களை மைதானத்திலிருந்தே ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே 2011 உலகக் கோப்பையின் கூட்டு நடத்துநர் பொறுப்பிலிருந்து பாகிஸ்தான் நீக்கப்பட்டது. போட்டி அலுவலகம் லாகூரிலிருந்து மும்பைக்கு மாறியது. மற்ற மூன்று நடத்துநர்களான இந்தியா, இலங்கை, வங்கதேசம் இருந்ததால்தான் ஆட்டங்களை மாற்றிவைக்க முடிந்தது. கூட்டாக நடத்துவதில் இருக்கும் அசல் பாதுகாப்பு அனுகூலம் இதுவே.

2010 ஜனவரி 8 அன்று ஆப்பிரிக்கக் கோப்பைக்காக டோகோ கால்பந்து அணி காங்கோவிலிருந்து எல்லை கடந்து அங்கோலாவின் கபிண்டாவுக்குள் பஸ்ஸில் நுழைந்தது. பிரிவினைவாதிகள் சுட்டதில் உதவிப் பயிற்சியாளரும் ஊடக அதிகாரியும் இறந்தார்கள். அது ஒரே நாடு நடத்திய போட்டிதான். ஆனால் தாக்குதல் நடந்தது எல்லையை ஒட்டிய சாலையில் என்பதால் இங்கே சொல்கிறேன். கூட்டுப் போட்டியில் இத்தகைய பயணங்கள் பல மடங்கு.

எல்லாத் தாக்குதலும் திட்டமிட்டதாக இருக்க வேண்டியதில்லை. அந்த 2011 உலகக் கோப்பையில், மார்ச்சில் டாக்காவில் வங்கதேசம் 58 ரன்னில் சுருண்ட அன்று, மேற்கிந்தியத் தீவுகள் அணியின் பஸ்மீது கல் விழுந்தது. கோபம் சொந்த அணியின்மீது; பஸ்தான் தப்பு.

ஒரு நாட்டில் தாக்குதல் நடந்தால் மற்ற நாட்டின் ஆட்டமும் நிற்குமா?

தானாக நிற்காது. 2023 ஜூலை 20 அன்று மகளிர் கால்பந்து உலகக் கோப்பை நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஒரே நாளில் தொடங்க இருந்தது. அன்று காலை ஆக்லாந்து நகர மையத்தில் கட்டுமான இடமொன்றில் ஒருவன் சுட்டதில் இருவர் இறந்தார்கள், அவனும் இறந்தான். நார்வே அணியின் ஹோட்டல் அருகில்தான். இது தேசப் பாதுகாப்புக்கான அச்சுறுத்தல் அல்ல, தனி ஆளின் செயல் என்று சில மணி நேரத்திலேயே நியூசிலாந்து பிரதமர் கிறிஸ் ஹிப்கின்ஸ் தெளிவுபடுத்தினார். மாலையில் மௌன அஞ்சலிக்குப் பின் ஆட்டம் நடந்தது. விரைவான, தெளிவான ஓர் அறிவிப்பு இரண்டு நாடுகளின் பதற்றத்தையும் தணித்தது.

2002 கால்பந்து உலகக் கோப்பையில் நிலைமை இன்னும் தீவிரம். இறுதியாட்டத்துக்கு முதல் நாள், ஜூன் 29 காலை, மஞ்சள் கடலில் வடகொரியக் கப்பலோடு நடந்த மோதலில் தென்கொரியக் கடற்படையினர் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அன்று மாலையே தேகுவில் தென்கொரியாவும் துருக்கியும் மூன்றாம் இடத்துக்கு ஆடின. மறுநாள் ஜப்பானின் யோகோஹாமாவில் இறுதியாட்டம்.

வெளிநாட்டுக் காவலர் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

நடத்தும் நாடு எழுத்தில் அனுமதித்தால் மட்டும். 2005இல் ஏழு ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட ப்ரூம் ஒப்பந்தம் இதற்கு விதிகள் வகுத்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வெறுங்கைதான்.

போட்டியின் நடுவில் ஒரு மரணம் நேர்ந்தால் விசாரணை யாருடையது?

நடந்த இடத்தின் காவல்துறையினுடையது. அணி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது கணக்கில் வராது. 2007 மார்ச் 18 அன்று பாகிஸ்தான் பயிற்சியாளர் பாப் வூல்மர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் ஹோட்டலில் இறந்து கிடந்தார். ஜமைக்கா காவல்துறை முதலில் கொலை என்று அறிவித்தது. பாகிஸ்தான் வீரர்களிடம் விசாரணை நடந்தது, கைரேகை எடுக்கப்பட்டது. ஜூன் மாதம் அதே காவல்துறை இயற்கை மரணம் என்றது. இடைப்பட்ட மூன்று மாதமும் ஓர் அணி முழுவதும் சந்தேகத்தின் நிழலில் இருந்தது. முதல் பிரேதப் பரிசோதனைக்கே வெளி வல்லுநர் ஒருவரை உடன் வைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே இருந்தால் இந்த அவலத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

ட்ரோன், இணையத் தாக்குதல்?

ட்ரோனை வீழ்த்தும் அதிகாரம் யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஓரிடத்தில் காவல்துறை, ஓரிடத்தில் ராணுவம். இணையத்தில் எல்லையே இல்லை. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது நடந்த தாக்குதலில் போட்டியின் கணினி வலையமைப்பு முடங்கியது. எல்லா நாடுகளுக்கும் ஒரே டிக்கெட் அமைப்பு என்றால், அது விழுந்தால் எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் கூட்டம் தேங்கும். அச்சிட்ட பட்டியல் ஒன்று கையில் இருப்பது பழமைவாதம் அல்ல.

டிக்கெட் வாங்கிவிட்டேன். எல்லா நாடுகளுக்கும் போகலாம்தானே?

இல்லை. டிக்கெட் விசா ஆகாது. 2026 போட்டியின் 104 ஆட்டங்களில் அமெரிக்காவில் 78, கனடாவிலும் மெக்சிகோவிலும் தலா 13. மூன்றுக்கும் பொது விசா கிடையாது. ஒன்றில் கிடைத்தால் இன்னொன்றில் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2025 ஜூனில் அமெரிக்கா சில நாட்டவருக்கு நுழைவுத் தடை விதித்தபோது ஈரானும் ஹைட்டியும் பட்டியலில் இருந்தன. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. இரு அணிகளுமே தகுதி பெற்றன.

பயணத்துக்கு முன் ரசிகர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், லீக் சுற்றோடு நிறுத்தாமல் உங்கள் அணி போகக்கூடிய அடுத்த ஆட்டங்களின் நாடுகளுக்கும் விசா விதியைப் பாருங்கள். ஒரு முறை நுழையும் விசா வைத்திருப்பவர் பக்கத்து நாட்டில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வதுண்டு. பை அளவு, கொடிக் கம்பு, மதுபானம் ஆகியவற்றின் விதிகள் ஒரு மைதானத்தில் ஒரு மாதிரி, எல்லைக்கு அப்பால் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள உங்கள் தூதரகத்தின் எண்ணையும் உள்ளூர் அவசர எண்ணையும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கைபேசி எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. பிடிபட்டால் உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின்படி உங்களுக்கு உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை அதன் பெட்டியிலேயே, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாட்டின் மருந்துக் கடையில் கேள்வியின்றிக் கிடைக்கும் மாத்திரை அடுத்த நாட்டின் சுங்க மேசையில் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிடலாம்.